செம்மண்ணில் ஐந்து நிமிடம்

மின்சார ஆர்.சி. (ரேடியோ கட்டுப்பாட்டு) பக்கி பந்தயத்துக்கு வேண்டிய மண்ணும் மனிதர்களும் நெய்வேலியில் இருக்கிறார்கள். எங்கிருந்து, எப்படி, எவ்வளவு செலவில் தொடங்கலாம்? ஒரு முழு வழிகாட்டி.

பத்து வண்டிகள். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கும் குறைந்த நீளம். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மேடைமேல் பத்துப் பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள். கையில் துப்பாக்கிப் பிடி போட்ட ரிமோட். விசையை விரல் இழுத்தால் வேகம். பக்கவாட்டில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைத் திருகினால் ஸ்டீயரிங். தொடக்க ஒலி கேட்டதும் பத்து வண்டியும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பாய்கின்றன. முதல் வளைவிலேயே இரண்டு மோதிக் கவிழ்கின்றன. ஓரத்தில் நிற்கும் மார்ஷல் ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கிறார். மேட்டில் ஏறிய வண்டி நாலைந்து மீட்டர் காற்றில் போய் இறங்குகிறது. வண்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் லேப் நேரம் விழுகிறது. எல்லாம் ஐந்து நிமிடம். அதற்குள் யார் அதிகச் சுற்று ஓடினாரோ அவரே வென்றவர்.

உலகெங்கும் 1/10 அளவு மின்சார பக்கிப் பந்தயம் இப்படித்தான் நடக்கிறது. நம் ஊரில் ஆர்.சி. கார் என்றால் பிறந்த நாளுக்கு வாங்கி, பாட்டரி தீர்ந்ததும் அலமாரிமேல் ஏறும் பொம்மை என்றே நினைக்கிறோம். பந்தய பக்கி வேறு வகை. அதில் கழற்ற முடியாத பாகம் ஒன்றுகூட இல்லை. ஓட்டத் தெரிவதோடு, பிரிக்கவும் பூட்டவும் காரணம் தேடவும் தெரிந்தால்தான் அது ஓடும். பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று மின்மோட்டாரையும் கியரையும் சஸ்பென்ஷனையும் தன் கையால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நெய்வேலி போன்ற இயந்திர ஊரில் இந்த விளையாட்டு வேரூன்ற வேண்டும். அதுவும் பணக்காரப் பொழுதுபோக்காக இல்லாமல், எல்லோருக்கும் ஒரே வண்டி என்ற விதியோடு வேரூன்ற வேண்டும்.

ஷிசுவோகாவிலிருந்து கலிஃபோர்னியா வரை

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரை ரேடியோ கட்டுப்பாட்டு மின்சார மாடலாக வெளியிட்டது. அது தார்ச்சாலைக்கான வண்டி. 1979இல் அதே நிறுவனம் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’, ‘ரஃப் ரைடர்’ என்று மணலில் ஓடும் இரண்டு பக்கிகளைக் கொண்டுவந்தது. 1984இல் வந்த ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ இரண்டும் விலையில் எளியவை, அடி தாங்குபவை. வீட்டு முற்றத்திலிருந்து இந்த விளையாட்டுக்குள் ஒரு தலைமுறையையே இழுத்து வந்தவை அவை.

அதே 1984இல் அமெரிக்காவின் அசோசியேட்டட் நிறுவனம் ‘ஆர்.சி.10’ வண்டியை இறக்கியது. அலுமினியச் சேசிஸ், எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் என்று பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டி அது. அடுத்த ஆண்டே, 1985இல், கலிஃபோர்னியாவின் டெல் மாரில் 1/10 மின்சார பக்கிகளுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. டூ வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் என்ற இரு பிரிவுகள் இன்றுவரை தொடர்கின்றன. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா இத்துறையின் நாயகர். பல வகைக் கார்களில் மொத்தம் 14 உலகப் பட்டங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன.

அன்றைய வண்டிகளில் 7.2 வோல்ட் நிக்கல் பாட்டரியும் கார்பன் பிரஷ் மோட்டாரும் இருந்தன. இன்று லித்தியம் பாலிமர் பாட்டரி, பிரஷ் இல்லாத மோட்டார். அன்று ஒவ்வொரு ரிமோட்டுக்கும் தனிக் கிறிஸ்டல். இருவரிடம் ஒரே அலைவரிசை இருந்தால் ஒருவர் ஓட்டி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு உரிமமும் தேவையில்லை.

ஏன் நெய்வேலி?

முதலில் மண். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் செழிக்கிற அதே செம்மண்தான் இங்கும். தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கினால் களம்போலக் கெட்டிப்படும். வெயிலில் காய்ந்தால் மேலே மெல்லிய புழுதி படரும். பக்கி டிராக்குக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். பிடிமானம் மாறிக்கொண்டே இருந்தால்தான் ஓட்டுபவருக்குக் கை பழகும்.

அடுத்தது இடம். வட்டம் வட்டமாகப் பிரித்து, அகலச் சாலையும் மரமும் மைதானமுமாகக் கட்டப்பட்ட டவுன்ஷிப் இது. தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் பிள்ளைகள் விளையாட இடம் தேடி அலைகிறபோது, இங்கே குவாட்டர்ஸை விட்டு இறங்கினால் திறந்த வெளி.

மூன்றாவதுதான் முக்கியம்: மனிதர்கள். 1956இல் இங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1961இல் முதல் நிலக்கரி வெளிவந்தது, 1962இல் மின்சாரம். அன்றுமுதல் ஷிப்ட் ஷிப்டாக இயந்திரங்களோடு வாழ்ந்த ஊர். சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டித் தள்ளும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓடுவது மின்சாரத்தில். மோட்டாரின் சுழற்சியைக் கியர் குறைத்து, விசையாக மாற்றி, சக்கரத்துக்கு அனுப்புகிறது. ஒன்றரைக் கிலோ பக்கியிலும் நடப்பது அதேதான்: மோட்டார், பினியன், ஸ்பர் கியர், டிஃபரன்ஷியல், சக்கரம். பேரிங்கில் மணல் புகுந்தால் என்ன ஆகும், மோட்டார் ஏன் சூடாகிறது, போல்ட் ஏன் தளர்கிறது என்று சொல்லித்தர இந்த ஊரில் தெருவுக்கு ஒரு ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ இருக்கிறார். பணி ஓய்வு பெற்ற அந்தக் கைகளைவிடச் சிறந்த பயிற்சியாளர்களை எந்த ஊரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

கரிவரதன் காட்டிய வழி

தமிழ்நாட்டுக்குப் பந்தயம் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை வளர்த்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. ஆனால் வெளிநாட்டு வண்டி வாங்க முடிந்தவர்களுக்கே பந்தயம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

அதை மாற்ற முனைந்தவர் கோவையின் கரிவரதன். 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைப் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின். உதிரிபாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும். அந்த வண்டியில்தான் கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் அதே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் தன் முதல் பந்தயத்தை ஓட்டிப் பரிசு மேடை ஏறினார். 2005இல் அவரே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. கோவை செட்டிப்பாளையம் டிராக் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செலவைக் குறைத்து, வண்டியைச் சமமாக்கினால் திறமை தானாக மேலே வரும். இதுதான் அவர் விட்டுச்சென்ற பாடம். ஆர்.சி. உலகமும் இதையே வேறு பாதையில் கண்டுகொண்டது. வேகத்துக்கு எல்லை இல்லாத ‘மாடிஃபைடு’ பிரிவு ஒரு பக்கம் இருக்க, மோட்டாரின் கம்பிச் சுற்று எண்ணிக்கையை 17.5 என்றோ 13.5 என்றோ கட்டுப்படுத்திய ‘ஸ்டாக்’ பிரிவுகளில்தான் பெரும்பாலான கிளப் ஓட்டுநர்கள் ஓடுகிறார்கள்.

முதல் வண்டி எது?

பெட்டியைப் பிரித்ததும் ஓடும் ‘ரெடி டு ரன்’ வண்டி ஒரு வகை. ஒவ்வொரு ஸ்க்ரூவாக நாமே பூட்ட வேண்டிய கிட் இன்னொரு வகை. போட்டித்தரக் கிட்டோடு மோட்டார், அதை ஆளும் ஸ்பீடு கன்ட்ரோலர், ஸ்டீயரிங்குக்கான சர்வோ, ரேடியோ, பாட்டரி, சார்ஜர் என்று சேர்த்தால் அரை லட்சத்தை எளிதாகத் தாண்டும். தொடங்குபவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

விலை இவ்வளவு ஏற ஒரு காரணம் வரி. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. வெளிநாட்டுத் தளங்களில் பார்க்கும் விலையை ரூபாயாக மாற்றி மனக்கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள்.

என் பரிந்துரை இது. பிரஷ் மோட்டார் பொருத்திய, நான்கு சக்கரமும் இழுக்கும் ரெடி டு ரன் பக்கி. புழுதி மண்ணில் டூ வீல் டிரைவ் வண்டியின் பின்பக்கம் சட்டென்று சுற்றிவிடும். ஃபோர் வீல் டிரைவ் புதியவரின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்பர் கியர், டிரைவ் ஷாஃப்ட் மூன்றும் தனியாகக் கிடைக்குமா? முதல் மாதமே உடைவது இந்த மூன்றும்தான். உதிரிபாகம் கிடைக்காத வண்டி என்ன மலிவானாலும் வேண்டாம். ஆளுக்கொரு மாடல் வாங்காமல் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாடல் வாங்குங்கள். ஒருவரிடம் இல்லாத பாகம் இன்னொருவர் டப்பாவில் இருக்கும்.

கூடவே நல்ல ஆலன் கீ செட் ஒன்று அவசியம். மட்டமான சாவி ஸ்க்ரூவின் தலையைத் தேய்த்துவிடும். அப்புறம் அதைக் கழற்ற ட்ரில் பிட் தேட வேண்டியிருக்கும்.

பாட்டரியிடம் மரியாதை

இந்த விளையாட்டில் மிகப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது லிப்போ (லித்தியம் பாலிமர்) பாட்டரி. இரண்டு செல் லிப்போவின் பெயரளவு மின்னழுத்தம் 7.4 வோல்ட், முழுதாக ஏறினால் 8.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். எனவே ஸ்பீடு கன்ட்ரோலரில் லிப்போ மோடு போட்டிருக்க வேண்டும். 5000 எம்.ஏ.எச். பாட்டரி என்றால் 5 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில் மட்டுமே ஏற்ற வேண்டும். ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. தூங்கும் நேரத்தில் அறவே கூடாது. உப்பிய பாட்டரியை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள். ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டிக்குள்ளோ பூட்டிய காருக்குள்ளோ பாட்டரியை விட்டுப் போகாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியே போதும். வேகம் கொஞ்சம் குறையும். பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம்.

கை பழகும் விதம்

தூரப் போகும் வண்டியை யாரும் ஓட்டிவிடலாம். அது உங்களை நோக்கித் திரும்பும்போதுதான் சோதனை. உங்களுக்கு வலப்பக்கம் தெரிவது அதற்கு இடப்பக்கம். கை தடுமாறும். இதற்கு ஒரே மருந்து, இரண்டு செங்கல்லை வைத்து எட்டுப் போடுவது. வேகமே வேண்டாம். இரண்டு பாட்டரி தீரும்வரை நிதானமாக எட்டுப் போட்டால், யோசிக்காமலே விரல் திரும்பத் தொடங்கும்.

அடுத்த பாடம் வளைவு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்விளிம்பைத் தொட்டு, வண்டி நேரான பிறகு விசையை இழுக்க வேண்டும். புதியவர்கள் வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடுவார்கள், வண்டி உருளும். ஒருமுறை உருண்டால் மார்ஷல் வந்து நிமிர்த்துவதற்குள் சில நொடிகள் போய்விடும். நேர்ச்சாலையில் எவ்வளவு விரட்டினாலும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. தொடக்கநிலைப் பந்தயங்களில் வேகமாக ஓட்டியவரைவிடக் கவிழாமல் ஓட்டியவரே முன்னே வருவார்.

மூன்றாவது, தாவல். வண்டி காற்றில் இருக்கும்போதும் அது உங்கள் சொல் கேட்கும். மூக்கு கீழே சாய்கிறதா? விசையை இழுங்கள். சக்கரங்கள் முன்னோக்கி வேகமெடுக்க, அதன் எதிர்வினையாக உடல் பின்னோக்கிச் சுழன்று மூக்கு மேலே எழும். மூக்கு மிகவும் தூக்குகிறதா? பிரேக்கைத் தொடுங்கள். சுழலும் சக்கரம் சட்டென்று நிற்க, அந்தச் சுழற்சி உடலுக்கு மாறி மூக்கு இறங்கும். கோண உந்தம் என்று இயற்பியல் புத்தகம் சொல்வதைப் பிள்ளை தன் ஆள்காட்டி விரலில் உணரும் இடம் இது.

மேசையில் நடக்கும் பாதிப் பந்தயம்

ஓட்டம் ஐந்து நிமிடம்; மேசை வேலை அதைவிடப் பல மடங்கு. ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்போம்: பினியனையும் ஸ்பர் கியரையும் பொருத்துவது. மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது தள்ளுகிற பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரம் ஸ்பர். இரண்டும் நெருங்கிக் கடித்தால் மோட்டார் சூடாகி ஓலமிடும். விலகி நின்றால் ஸ்பரின் பற்கள் வழித்துக்கொண்டு போகும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நோட்டுப் புத்தகத் தாளில் விரல் அகலத் துண்டு ஒன்றைக் கிழித்து இரு சக்கரங்களுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் விசிறி மடிப்பாக வந்தால், இடைவெளி சரி. ஸ்பரை லேசாக ஆட்டினால் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்க வேண்டும்.

ஓடி முடித்ததும் மோட்டாரின் சூட்டைப் பாருங்கள். நெய்வேலி வெயிலில் இது தப்பாமல் செய்ய வேண்டிய வேலை. விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் ஒரு பல் குறைந்த பினியனைப் போடுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறையும், மோட்டார் பிழைக்கும்.

ஷாக் எண்ணெயின் தடிமன், வண்டி தரையிலிருந்து நிற்கும் உயரம், சக்கரம் உட்பக்கம் சாயும் கேம்பர் கோணம், டயரின் முள் அமைப்பு என்று மாற்றிப் பார்க்க ஏராளம் உண்டு. விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதைக் குறித்துவைத்து, ஓட்டி, லேப் நேரம் பார்த்த பிறகே அடுத்தது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியவருக்கு எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

இந்தப் பழக்கம் பின்னாளில் கைகொடுக்கும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆள் அமரும் பக்கியைத் தாங்களே கட்டி ஓட்டும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி 2007இலிருந்து நடக்கிறது. மின்சார வண்டிகளுக்கான இ-பாஹா 2015இல் தொடங்கியது. கேம்பர் என்றால் என்னவென்று எட்டாம் வகுப்பிலேயே விரலால் தெரிந்துகொண்ட பிள்ளை அங்கே எவ்வளவு முன்னால் நிற்கும்!

டிராக் போடலாம், வாருங்கள்

30 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள இடம் இருந்தால் சின்ன டிராக் போட்டுவிடலாம். பாதை மூன்று மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஓரத்துக்குப் பழைய ஹோஸ் பைப் போதும்; மரக்கட்டையோ கல்லோ வைத்தால் வண்டி உடையும். இரண்டு சின்ன மேடு, ஒரு நீண்ட நேர்பாதை, இறுகிய வளைவும் விரிந்த வளைவும் கலந்து இருக்க வேண்டும். ஓட்டுபவர் நிற்கும் மேடை இடுப்பு உயரமாவது இருந்தால்தான் முழு டிராக்கும் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடு கரையும். தை பிறந்ததும் மறுபடி கட்டலாம்.

டவுன்ஷிப் நிலம் நிறுவனத்துடையது. ஆகவே நகர நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதே முதல் வேலை. சாலையில் ஓட்டவே கூடாது. ஒன்றரைக் கிலோ எடை பந்தய வேகத்தில் குழந்தையின் காலில் பட்டால் எலும்பு முறியலாம். சுரங்கப் பகுதிப் பக்கம் போகவும் கூடாது.

டிரான்ஸ்பாண்டரும் கம்ப்யூட்டரும் இல்லாமலே தொடங்கலாம். வண்டிக்கு ஒருவர் உட்கார்ந்து சுற்றை எண்ணினால் போதும். ஒரு வழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே கறாராகக் கடைப்பிடியுங்கள். உங்கள் ஓட்டம் முடிந்ததும், அடுத்த ஓட்டத்துக்கு நீங்கள்தான் மார்ஷல். தோற்ற ஆத்திரத்தில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனால் உங்கள் நேரம் செல்லாது. உலகச் சாம்பியனும் இறங்கிவந்து பிறர் வண்டியை நிமிர்த்தி வைக்கிற விளையாட்டு இது.

ஒரே மாடல், ஒரே டயர், ஒரே வகை பாட்டரி என்று விதி எழுதுங்கள். பந்தய நாளில் மோட்டாரைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். ஆறு வண்டிகளைக் கிளப்பே பொதுவில் வைத்துக்கொள்ளட்டும். அதிகாரி வீட்டுப் பிள்ளையும், ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும், இந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த சுற்றுக் கிராமத்துப் பிள்ளையும் ஒரே வண்டியில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைக்கு அதில் கேட்டு வாங்கும் சலுகை எதுவுமில்லை. அந்தச் செம்மண்ணில் அதற்கு முதல் உரிமை உண்டு.

பணம் உள்ளவர் பெரிய மோட்டார் போட்டு ஜெயிக்கிற கிளப், இரண்டாவது ஆண்டில் ஆளில்லாமல் கலையும். சமமான வண்டியோடு தொடங்குகிற கிளப்புக்கு ஒவ்வொரு விடுமுறையிலும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். எனவே ஆர்வத்தில் உடனே கடைக்கு ஓடாதீர்கள். நாலு பேர் உட்கார்ந்து விதியை முதலில் எழுதுங்கள். வண்டியைப் பிறகு வாங்குங்கள்.